மழைக்காலக் கொழும்புக்குப் பின்சக்கர இயக்கமா, நான்கு சக்கர இயக்கமா?

கடற்காற்று (வெள்ளவத்தை)
வெள்ளி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். பதினோரு வருடம் வேலை செய்து சேர்த்த காசில் எனக்கென்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப்போகிறேன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து மனதில் கிடந்த ஆசை. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. அத்தனை வருடமும் காத்திருந்தேன். புதிதாக இறக்கும் காருக்கான வரியைக் கணக்குப் பார்த்ததும் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். நாட்டில் ஏற்கெனவே ஓடும் கார்களில் இரண்டு கண்ணில் பட்டிருக்கின்றன.

ஒன்று 2013 டொயோட்டா 86. கையால் கியர் மாற்றுவது, பின்சக்கர இயக்கம், 200 குதிரைவலு. மற்றது 2009 சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ. நான்கு சக்கர இயக்கம், டர்போ, 308 குதிரைவலு. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

என் ஓட்டம் இப்படி: வார நாட்களில் வெள்ளவத்தையிலிருந்து இராஜகிரிய வரை அலுவலகத்துக்கு. மாதத்தில் இரண்டு ஞாயிறு அதிகாலையில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் காலி வரை. வருடத்தில் மூன்று நான்கு தடவை மாமனார் வீட்டுக்குப் பண்டாரவளை. மழையில் நான்கு சக்கரமும் இழுக்கும் காரே பாதுகாப்பு என்கிறார் மனைவி. பின்சக்கர இயக்கத்தில்தான் காரோட்டும் உணர்வே இருக்கிறது என்கிறான் நண்பன். அனுபவத்தில் சொல்லுங்கள்.

மூடுபனி (ஹற்றன்)
வெள்ளி, இரவு 10.15

தம்பி, உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள். ஒன்பது வருடமாக நான்கு சக்கர இயக்கமுள்ள சுபாரு லெகசி ஓட்டுகிறேன். அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை என்று மாதம் இரண்டு தடவை ஏறி இறங்குபவன்.

பின்னேரம் மூன்று மணிக்கு மூடுபனி இறங்கியிருக்கும். கொழுந்து லொறியின் சக்கரத்தில் வந்த சேறு வளைவின் நடுவே அப்பிக்கிடக்கும். கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது உள்பக்கத்துப் பின்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்துவிடும். அந்த நேரம் பின்சக்கரக் காரில் அக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்தால் அந்தச் சக்கரம் சும்மா சுற்றும், அல்லது கார் வால் வீசும். வால் வீசுவது பள்ளத்துப் பக்கம். என் காரில் அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. முன்சக்கரம் இரண்டும் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

கைகியர் (கொட்டாஞ்சேனை)
வெள்ளி, இரவு 11.02

ஆறு வருடமாக 86 வைத்திருக்கிறேன். உங்கள் நண்பன் சொல்வது உண்மை. காரணத்தையும் சொல்கிறேன்.

இரண்டு காரிலும் படுத்த நிலையில் இயங்கும் நான்கு சிலிண்டர் பொக்ஸர் இயந்திரம். 86ஐ டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கின, அது தயாரானதும் சுபாருவின் தொழிற்சாலையில். ஆனால் இம்ப்ரெஸாவில் முன்சக்கரங்களுக்கும் வலுவைக் கொண்டுபோக வேண்டியிருப்பதால் இயந்திரம் முன் அச்சைத் தாண்டி மூக்குப் பக்கம் தொங்குகிறது. 86இல் அந்த வேலை இல்லை. அதனால் இயந்திரத்தைப் பின்னுக்குத் தள்ளிப் பதித்து வைத்துவிட்டார்கள். சுதந்திர சதுக்கப் பக்கம் ஒரு சாதாரண வளைவில், முப்பது நாற்பது கிலோமீற்றர் வேகத்திலேயே அந்த வித்தியாசம் கைக்குத் தெரியும். 86இல் முன்சக்கரங்களுக்கு வலு போவதில்லை, திருப்புவதுதான் அவற்றின் வேலை. வீதியில் என்ன கிடக்கிறது என்பதை ஸ்டியரிங் அப்படியே சொல்லும்.

எடையும் ஏறத்தாழ 250 கிலோ குறைவு. 308 குதிரைவலுவைக் கொழும்பில் எங்கே அவிழ்த்துவிடப்போகிறீர்கள்? பேஸ்லைன் வீதியிலா?

தெமட்டகொடை நானா
சனி, காலை 6.20

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கராஜ் திறக்க முன்னர் எழுதுகிறேன். இருபத்தாறு வருடம் இந்த வேலையில் இருக்கிறேன். இயக்கம் எதுவென்ற பேச்சை ஒரு பக்கம் வையுங்கள். அந்த எஸ்டிஐயின் நான்கு டயரையும் குனிந்து பார்த்தீர்களா?

முன்னும் பின்னும் எப்போதும் இணைந்திருக்கும் காரில் நான்கு டயரும் ஒரே சுற்றளவில் இருக்க வேண்டும். சுபாரு அனுமதிக்கும் வித்தியாசம் சுற்றளவில் கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீற்றர் சொச்சம். தவாளிப்பு, அதாவது டயரின் மேலுள்ள பள்ளக்கோடுகளின் ஆழத்தில் பார்த்தால் அது ஒரே ஒரு மில்லிமீற்றர்தான். புது டயரில் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் இருக்கும். பாதி தேய்ந்த காரில் ஒரு டயர் வெடித்தால், அந்த ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டு ஓட முடியாது. போட்டால் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கரப் பெட்டியான நடு டிஃபரன்ஷியல் நேர்வீதியிலும் ஓயாமல் சுழன்றுகொண்டே இருக்கும், எண்ணெய் சூடாகும், உள்ளே தேயும்.

இங்கே பலர் என்ன செய்கிறார்கள்? பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழைய டயர் ஒன்றைப் பார்த்து வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். இரண்டு வருடம் கழித்து, கார் நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது கார் உதறுகிறது, கடகடவென்று சத்தம் வருகிறது என்று என்னிடம் கொண்டுவருவார்கள். அதற்குப் பிறகு ஆகும் செலவில் இரண்டு செற் நல்ல டயர் வாங்கியிருக்கலாம்.

நான்கு சக்கர இயக்கம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. முன் டிஃபரன்ஷியல், நடு டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல், நீளத்தண்டு, நான்கு அரைத்தண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒயில் சீல், ஒவ்வொன்றுக்கும் இறப்பர் உறை. முன்னே வைத்திருந்தவர் இவை அத்தனையையும் பராமரித்தாரா என்றுதான் கேட்கிறேன்.

உராய்வு (மொறட்டுவை)
சனி, காலை 11.30

நானா சொன்னது மிக முக்கியம். மழையில் எது பாதுகாப்பு என்ற கேள்விக்கு மட்டும் நான் வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் பலரும் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு டயரின் பிடிப்பை மாதச் சம்பளமாக நினைத்துக்கொள்ளுங்கள். வேகமெடுப்பது, திரும்புவது, பிரேக் பிடிப்பது மூன்றும் அந்த ஒரே சம்பளத்திலிருந்து போகும் செலவு. நான்கு சக்கர இயக்கம் வேகமெடுக்கும் செலவை நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுக்கிறது. ஆகவே வேகமெடுத்தபடி வளைவிலிருந்து வெளிவரும்போது ஒவ்வொரு டயரிடமும் திரும்புவதற்கு மிச்சம் இருக்கும். மூடுபனி அண்ணா தன் ஏற்றங்களில் காண்பது அதைத்தான், அது முழுக்க உண்மை.

ஆனால் பிரேக் பிடிக்கும்போது? எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது. அங்கே நான்கு சக்கர இயக்கத்தால் ஒரு அங்குலமும் கிடைப்பதில்லை. காய்ந்த நல்ல வீதியில் உராய்வுக் குணகம், அதாவது டயர் வீதியைப் பிடிக்கும் அளவு, 0.9 என்று வைத்தால், 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நிற்க ஏறத்தாழ 44 மீற்றர் வேண்டும். நனைந்த வீதியில் அது 0.5 ஆக இறங்கினால் 79 மீற்றர். கால் பிரேக்குக்குப் போகும் நேரத்தில் ஓடும் தூரம் இதில் சேரவில்லை. 86க்கும் அதே கணக்கு, எஸ்டிஐக்கும் அதே கணக்கு.

இனி அதே நனைந்த வீதியில் வேகமெடுப்பதைப் பாருங்கள். பின்சக்கரக் காரில் எடையில் ஏறக்குறைய பாதி மட்டுமே வலு போகும் சக்கரங்களின் மேல் இருக்கிறது. நான்கு சக்கரக் காரில் முழு எடையும் வேலை செய்கிறது. அதாவது ஏறக்குறைய இருமடங்கு வேகமெடுக்கலாம், ஆனால் நிற்கும் தூரம் அப்படியே இருக்கிறது. பின்சக்கரக் கார் வழுக்கும் வீதியை முதல் மிதியிலேயே உங்களுக்கு உணர்த்திவிடும். நான்கு சக்கரக் கார் ஒன்றுமே நடக்காததுபோல் இழுத்துக்கொண்டு போகும். வீதி வழுக்குகிறது என்பது முதல் பிரேக்கில்தான் தெரியும். என்னைப் பயமுறுத்துவது இதுதான்.

இன்னொன்று. தேங்கிய நீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு, விமான டயர்களை வைத்து நாசா கண்டறிந்த ஒரு சூத்திரம் இருக்கிறது. 32 பிஎஸ்ஐ காற்றழுத்தத்துக்கு அது தருவது ஏறத்தாழ 94 கிலோமீற்றர். நம் அதிவேக நெடுஞ்சாலையில் அனுமதித்த வேகம் 100. தவாளிப்பு ஆழமாக இருந்தால் நீர் வெளியேறித் தப்பலாம். தேய்ந்த டயர் நீரின் மேல் ஏறி மிதக்கும்போது பின்சக்கரக் காரானாலும் நான்கு சக்கரக் காரானாலும் ஒன்றுதான்.

மூடுபனி (ஹற்றன்)
சனி, பிற்பகல் 1.10

உராய்வு அக்கா, கணக்கை ஏற்கிறேன். ஆனால் மலைநாட்டில் வாழ்கிறவனுக்குத் தினமும் வரும் சிக்கல் ஏறுவதுதான். நுவரெலியாவில் ஈரப்புல்லில் நிறுத்திய காரை வெளியே எடுக்க எத்தனை பேர் பின்னால் நின்று தள்ளுகிறார்கள் என்று ஏப்ரலில் வந்து பாருங்கள். தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் மண்தடத்தில் பெரிய வகுப்புக்களில் லான்சர் எவொலூஷனையும் இம்ப்ரெஸாவையும் ஏன் இத்தனை வருடமாக விரும்பி ஓட்டினார்கள்? மண்ணில் அவை பிடித்து இழுக்கும் என்பதற்காகத்தானே?

பழையஏடு (தெஹிவளை)
சனி, இரவு 8.45

இந்தக் கேள்விக்கு அறுபது வருடச் சரித்திரம் உண்டு. இளைஞர்கள் பேசுவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது, நானும் கொஞ்சம் எழுதுகிறேன்.

1961இல் ஃபெர்குசன் பி99 என்ற நான்கு சக்கர இயக்கப் பந்தயக் காரில் ஸ்டேர்லிங் மொஸ் ஓல்டன் பார்க் தங்கக் கிண்ணத்தை வென்றார். வீதி நனைந்திருந்தது. அதை நினைவில் வைத்தோ என்னவோ, 1969இல் லோட்டஸ், மட்ரா, மெக்லாரன் மூன்றும் ஃபோர்மியூலா 1க்கு நான்கு சக்கரக் கார்களைச் செய்தன. மட்ரா மட்டும் கனடாவில் ஆறாமிடத்துக்கு ஒரே ஒரு புள்ளி எடுத்தது. அதற்குள் டயர்கள் அகன்றுவிட்டன, காற்றால் காரை அழுத்தும் சிறகுகளும் வந்துவிட்டன. பின்சக்கரங்களே போதுமான பிடிப்பைக் கொடுத்தபோது கூடுதல் எடையைச் சுமக்க ஒருவரும் விரும்பவில்லை.

ரலி ஓட்டத்தில் கதை வேறு. 1980இல் ஜெனீவாக் கண்காட்சியில் ஔடி குவாட்ரோ வந்தது. 1981இல் சன்ரெமோவில் மிஷேல் மூட்டோன் அதில் வென்றார், உலக ரலி ஒன்றை வென்ற முதல் பெண். 1982இல் தயாரிப்பாளர் பட்டமும் ஔடிக்கு. எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தபோது, 1983இல் லன்சியா 037 என்ற பின்சக்கரக் கார் அந்தப் பட்டத்தைப் பறித்தது. பின்சக்கரக் கார் ஒன்று அதை வென்றது அதுவே கடைசி.

தாரில் பந்தயம் ஓடிய நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32ஐயும் சொல்லாமல் விடக்கூடாது. ஜப்பானின் குரூப் ஏ பந்தயத்தில் 1990 முதல் 1993 வரை ஓடிய 29 பந்தயத்திலும் அதுவே வென்றது. அது வழமையாகப் பின்சக்கரத்தால் ஓடும், பின்சக்கரம் வழுக்கத் தொடங்கினால் மட்டும் முன்னுக்கு வலுவை அனுப்பும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

தெற்குவழி (களுத்துறை)
ஞாயிறு, காலை 7.05

உராய்வு அக்கா எழுதியதை ஐந்து வருடத்துக்கு முன் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என்னிடமும் நான்கு சக்கர இயக்கமுள்ள டர்போ கார் ஒன்று இருந்தது. ஒக்டோபர் மாதம், பின்னேர இடிமழை. காலியிலிருந்து வரும்போது கெலனிகமவில் இறங்கத் திரும்பினேன். அதற்கு முன் இருபது நிமிடமாக அந்த மழையில் கார் தண்டவாளத்தில் போவதுபோல் போயிருந்தது. அந்த நம்பிக்கையில் இறங்கு வளைவுக்குள் வேகத்தைப் போதிய அளவு குறைக்காமல் நுழைந்துவிட்டேன். ஸ்டியரிங்கைத் திருப்பினேன், கை இலேசானது. கார் நேராகப் போனது. இன்னும் திருப்பினேன், இன்னும் நேராகப் போனது. முன் டயர் இரண்டும் வீதியை உரசும் ஒரு சத்தம், அது இப்போதும் காதில் இருக்கிறது. பாதுகாப்பு வேலியில் இடது முன்பக்கம் மோதி நின்றேன். பக்கத்தில் என் மகள் இருந்தாள். இருவருக்கும் காயமில்லை.

பிறகு இழுத்துச்சென்ற பாஸ் டயரின் பக்கச்சுவரில் இருந்த நான்கு இலக்கத்தைக் காட்டினார். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். ஒன்பது வருடப் பழைய டயர். தவாளிப்பு போதியளவு இருந்தது, இறப்பர் கல்லாகியிருந்தது. காரை விற்ற இடத்தில் புது டயர்போல் மினுக்கி வைத்திருந்தார்கள். நானும் குனிந்து பார்க்கவில்லை.

கடற்காற்று தம்பி, எந்தக் காரை எடுத்தாலும் அந்த நான்கு இலக்கத்தை வாசியுங்கள்.

கடற்காற்று (வெள்ளவத்தை)
ஞாயிறு, காலை 9.30

அண்ணா, வாசித்துவிட்டு மனைவிக்கும் காட்டினேன். மகளுக்கு ஒன்றும் ஆகாதது பெரிய ஆறுதல்.

உராய்வு அக்காவிடம் ஒரு கேள்வி. 86ம் எஸ்டிஐயும் வேறு வேறு கார்கள். ஒரே காரில் இரண்டு வகையும் இருந்தால் வித்தியாசம் எவ்வளவு?

உராய்வு (மொறட்டுவை)
ஞாயிறு, காலை 10.50

நல்ல கேள்வி. போர்ஷே 911ஐ எடுங்கள். 992 தலைமுறையில் கரேரா எஸ் 1515 கிலோ, நான்கு சக்கரமுள்ள கரேரா 4எஸ் 1565 கிலோ. பூச்சியத்திலிருந்து நூறுக்கு 3.7 வினாடியும் 3.6 வினாடியும். ஐம்பது கிலோ கூடுதல், கிடைத்தது பத்திலொரு வினாடி. 911இல் இயந்திரம் பின் அச்சுக்கும் பின்னால் உட்கார்ந்திருப்பதால் பின்சக்கரங்களுக்கு ஏற்கெனவே நல்ல பாரம் உண்டு, அதனால்தான் இவ்வளவு சிறிய வித்தியாசம்.

இயந்திரம் முன்னால் உள்ள 2021இல் வந்த பிஎம்டபிள்யூ எம்4 கொம்பெட்டிஷனில் அதே கணக்கு பின்சக்கர இயக்கத்துக்கு 3.9 வினாடி, நான்கு சக்கர இயக்கத்துக்கு 3.5. வலு 510 குதிரை. அந்த வலுவை இரண்டு டயர் தாங்கவில்லை. ஆகவே நான் பார்ப்பது இப்படித்தான்: வலு கூடக்கூட, இயந்திரம் முன்னுக்குப் போகப்போக, நான்கு சக்கரத்துக்குப் பயன் கூடும். 200 குதிரையுள்ள 86க்கு அது தேவையே இல்லை. 308 குதிரையுள்ள எஸ்டிஐக்கு அது வேண்டும். இரண்டு காரையும் செய்தவர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

86இல் தொழிற்சாலையிலிருந்து வந்தது 215 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒடுங்கிய மிஷ்லின் டயர். பிரியஸ் காருக்கும் போட்ட அதே ரகம். குறைந்த வேகத்திலேயே கார் வழுக்கி விளையாடட்டும் என்று வேண்டுமென்றே செய்தது. மழைக்கால கொழும்பில் அந்த ரகத்தைத் தேட வேண்டாம். நனைந்த வீதிக்கு நல்ல மதிப்பெண் பெற்ற டயரைப் போடுங்கள்.

கைகியர் (கொட்டாஞ்சேனை)
ஞாயிறு, காலை 11.15

அக்கா சொல்வது சரி. நான் டயர் மாற்றியபின் காரே வேறாகிவிட்டது. ஒன்று மட்டும்: வெயில் காலம் முடிந்து முதல் மழை தொடங்கும்போது, முச்சக்கர வண்டி நிற்கும் இடங்களில் சிந்திய ஒயில் எல்லாம் மேலே வரும். கடவைக் கோடுகளின் வெள்ளைப் பூச்சு கண்ணாடிபோல் வழுக்கும். பச்சை விளக்கு விழுந்ததும் அந்தக் கோட்டின் மேல் பின்சக்கரம் ஏறும்போது காலை மெதுவாக வையுங்கள். ஆறு வருடத்தில் எனக்கு வால் வீசியதெல்லாம் அந்த இடத்தில்தான், அதுவும் அரைச் சாண்.

தெமட்டகொடை நானா
ஞாயிறு, பிற்பகல் 2.00

வெள்ளவத்தையில் காரை எங்கே நிறுத்துகிறீர்கள்? மரைன் டிரைவ் பக்கம் திறந்தவெளியில் என்றால், கடல் உப்புக்காற்று அடிப்பாகத்தைத் தின்றுவிடும். அரைத்தண்டுக் கூட்டுக்களின் இறப்பர் உறை வெடித்து உப்பும் மணலும் உள்ளே போனால் ஆறு மாதத்தில் சத்தம் வரும். அரைத்தண்டுகளின் எண்ணிக்கை கூடிய நான்கு சக்கரக் காரில் இந்த வேலையும் கூடும். மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரால் அடியைக் கழுவுங்கள்.

கடற்காற்று (வெள்ளவத்தை)
புதன், இரவு 10.20

இரண்டு காரையும் பார்த்துவிட்டேன்.

முதலில் எஸ்டிஐ. கட்டுநாயக்க அதிவேக வீதியில் ஓட்டிப் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, மூன்றாவது கியரில் டர்போ பிடித்தபோது நெஞ்சு அடைத்தது. அப்படி ஒரு இழுவையை நான் அனுபவித்ததில்லை. நிறுத்திய பிறகு நானா சொன்னதை நினைத்து, மனைவியின் தையல் பெட்டியிலிருந்து கொண்டுபோன நூலால் சுற்றளவு பார்த்தேன். விற்பவர் ஒவ்வொரு சக்கரமாக ஜக்கில் தூக்கித் தந்தார், முகம் சுளிக்கவில்லை. டயரின் நடுவே நூலைச் சுற்றி, பேனையால் அடையாளமிட்டு, நிலத்தில் நீட்டி அளந்தேன். முன் இடது 204.6 சென்ரிமீற்றர். முன் வலது 204.4. பின் இடது 204.5. பின் வலது 203.2. மூன்று ஒரே கம்பனி, நாலாவது வேறு கம்பனி. வித்தியாசம் 14 மில்லிமீற்றர், சுபாரு அனுமதிப்பதன் இருமடங்குக்கு மேல். எவ்வளவு காலமாக இப்படி ஓடுகிறது என்று கேட்டேன். தான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றார். அவர் வாங்கி மூன்று வருடம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடித்தேன். நானா எழுதிய அதே உதறல்.

பிறகு 86. டயர் நான்கும் 2016. கல். அடிப்பாகம் சுத்தம், கிளச் இன்னும் நன்றாக இருக்கிறது. அன்றைக்கு இலேசான தூறல். விஹாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி இரண்டு தடவை ஓட்டினேன். பழைய டயரில் அந்த ஈரத்தில், வீதியின் ஒட்டுப்போட்ட இடம் ஒவ்வொன்றும் உள்ளங்கைக்கு வந்தது. வேகம் 40ஐத் தாண்டவில்லை. மனைவி பக்கத்தில் இருந்தார். இறங்கும்போது, "இது பேசுகிற கார்" என்றார்.

86ஐ எடுக்கிறேன். மூடுபனி அண்ணா, பண்டாரவளையில் வீடு என்றால் நல்ல டயர் போட்ட வேறொரு எஸ்டிஐயைத் தேடியிருப்பேன். என் ஓட்டத்தில் பத்தில் ஒன்பது கொழும்பிலும் நெடுஞ்சாலையிலும்.

மூடுபனி (ஹற்றன்)
புதன், இரவு 10.45

நல்ல முடிவு தம்பி. பண்டாரவளைக்கு ஏறும்போது ஹல்துமுல்லைக்கு மேல் மூடுபனி இருந்தால் இரண்டாம் கியரிலேயே வாருங்கள். அவசரப்பட்டு மிதிக்க வேண்டாம்.

தெற்குவழி (களுத்துறை)
வியாழன், காலை 6.40

வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன் டயரை மாற்றுங்கள். நெடுஞ்சாலை அதற்குப் பிறகு.

தெமட்டகொடை நானா
வியாழன், காலை 6.55

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முன் வாருங்கள் தம்பி, பிறகு நெரிசல். 215/45 ஆர்17 நான்கு எடுத்து வையுங்கள், உற்பத்தி வாரத்தைக் கடையிலேயே பார்த்து எடுங்கள். சக்கரக் கோணத்தை நான் பார்த்துத் தருகிறேன். பின் டிஃபரன்ஷியல் எண்ணெயையும் அன்றைக்கே மாற்றிவிடலாம், ஒன்றரை லீற்றருக்குள் முடிந்துவிடும்.